தாமதமாக வரும் திருத்தம்: மீடிறன் துலங்கல் வரைபுகள் ஓர் அறிமுகம்



உயர்தரத்தில் பௌதிகமும் இணைந்த கணிதமும் படிக்கும் உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் கட்டுப்பாட்டுத் தொகுதிகள் என்ற பாடம் தொடங்கியபோது முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மடக்கைத் தாளில் இரண்டு வளைகோடுகள் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். அவை எதற்காக என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் பதிலை எனக்குத் தந்தது மடத்துவெளியில் ஒரு வீட்டு முற்றத்தில் நின்ற டீசல் மின்பிறப்பாக்கி. அதைச் சொன்னால்தான் பாடம் விளங்கும்.

மடத்துவெளியில் நான் செய்த பிழை

என் வாப்பா மின்பிறப்பாக்கி திருத்துபவர். ஒரு விடுமுறையில் அவருக்கு உதவியாக நானும் புங்குடுதீவுக்குப் போனேன். வேலணையிலிருந்து வாணர் தாம்போதியைக் கடந்தால் மடத்துவெளி வந்துவிடும். அழைத்தவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். அவருடைய வயதான தாயார் ஒட்சிசன் தரும் இயந்திரத்தின் உதவியோடு இருந்தார். மின்வெட்டு நேரத்துக்காக வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த மின்பிறப்பாக்கி அந்த வீட்டில் இருந்தது.

“பிள்ளை, சுமை கூடினவுடன லைற் கூடிக் குறையுது. அம்மாவின்ர மெசினும் கத்துது” என்றார் ஐயா.

உண்மைதான். எஞ்சினின் ஓசை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வேகத்தைக் காக்கும் கவர்னரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில், நயத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறிய திருகாணி இருந்தது. நான் படித்த பாடத்தில் ஒரு வரி மனதில் நின்றது: பின்னூட்டலில் நயம் கூடினால் பிழை குறையும். “வாப்பா, நயத்தைக் கூட்டுங்க, வேகம் ஒரே சீராய் நிற்கும்” என்று நம்பிக்கையோடு சொன்னேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் சொல்கிறாள் என்று அவரும் கூட்டினார்.

அடுத்த சில நொடிகளில் முற்றமே அதிர்ந்தது. மின்குமிழ்கள் மூச்சுவிடுவதுபோல் ஒளிர்ந்து மங்கின. உள்ளே இயந்திரம் விடாமல் ஒலியெழுப்ப, ஐயா ஓடிப்போய்த் தாயாருக்கு உருளை ஒட்சிசனை மாற்றினார். வாப்பா எஞ்சினை நிறுத்தினார். என் கைகள் நடுங்கின.

வாப்பா என்னைக் கண்டிக்கவில்லை. மறுபடி இயக்கி, திருகாணியை மெல்லப் பின்னோக்கித் திருப்பினார். ஓசையும் வெளிச்சமும் சீராயின. ஆனால் அவர் அதோடு விடாமல் இன்னும் நன்றாகப் பின்னுக்குத் திருப்பினார். “ஆட்டம் நின்ற இடத்திலேயே விட்டா நாளைக்கு மறுபடி ஆடும் மகள். வெயில் மாறும், சுமை மாறும், எஞ்சினும் பழசாகும். இடம் விட்டு வைக்க வேணும்” என்றார்.

அந்த ‘இடம்’ எவ்வளவு? அதை அளந்து காட்டுவதற்குத்தான் மீடிறன் துலங்கல் வரைபுகள் இருக்கின்றன.

பூட்டும் இறப்பர் வளையமும்

முதலில் வீட்டிலேயே ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். நாலைந்து இறப்பர் வளையங்களைக் கோத்து, நுனியில் ஒரு பூட்டைத் தொங்கவிடுங்கள். மறு நுனியைக் கையில் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள்.

மிக மெதுவாக அசைத்தால் பூட்டும் கையோடு சேர்ந்தே, கை போகும் அளவுக்கே போகும். வேகத்தைச் சற்றுக் கூட்டினால் ஒரு கட்டத்தில் கை சிறிதளவு அசைய, பூட்டு பெரிதாகத் துள்ளும். இது நீங்கள் படித்த பரிவு. அப்போது பூட்டு கையைவிடக் கால் வட்டம் பிந்தி ஆடும். கையை இன்னும் விரைவாக அசைத்தால் பூட்டு ஏறக்குறைய அசையாமல் நிற்கும். உற்றுப்பார்த்தால், கை மேலே போகும்போது அது சற்றுக் கீழே போவது தெரியும். அதாவது அரை வட்டம் பிந்திவிட்டது.

ஒரே பூட்டு, ஒரே இறப்பர். மாறியது அசைவின் மீடிறன் மட்டுமே. ஒவ்வொரு மீடிறனிலும் இரண்டு கேள்விகள் கேட்டோம். கை அசைந்த வீச்சத்துக்குப் பூட்டு எத்தனை மடங்கு அசைந்தது? எவ்வளவு கோணம் பிந்தியது? முதலாவதின் விடை நயம், இரண்டாவதின் விடை அவத்தைப் பின்னடைவு. எல்லா மீடிறன்களுக்கும் இவ்விரு விடைகளைத் தொகுத்தால் கிடைப்பதே அந்தத் தொகுதியின் மீடிறன் துலங்கல்.

சைன் அலையை ஏன் தெரிவுசெய்கிறோம்? ஏகபரிமாணத் தொகுதி ஒன்றுக்குள் சைன் அலை ஒன்றை அனுப்பினால், தொடக்கக் கலக்கம் அடங்கிய பின் அதே மீடிறனுள்ள சைன் அலையே வெளியே வரும். வீச்சமும் அவத்தையும் மாத்திரம் மாறும். ஆகவே இரண்டு எண்களே போதும்.

படகில் பிறந்த எண்ணம்

1927 ஆகஸ்டில் பெல் ஆய்வுகூடத்தின் இளம் பொறியியலாளர் ஹரல்ட் பிளக், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நீண்டதூரத் தொலைபேசி விரியலாக்கிகளில் ஏற்படும் திரிபை எப்படிக் குறைப்பது என்பது அவருடைய நெடுநாள் கவலை. வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டிலிருந்து கழித்துவிடலாமே என்ற எண்ணம் படகிலேயே உதித்தது. கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் தாளிலேயே அதை வரைந்துவைத்தார். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வரும்.

ஆனால் மறைப் பின்னூட்டல் கொண்ட விரியலாக்கிகள் சில வேளைகளில் தாமாகவே ஊளையிட்டன. எப்போது ஊளையிடும், எப்போது ஊளையிடாது என்பதற்கு 1932இல் விடை தந்தவர் ஹரி நைக்குவிஸ்ட். அந்த விடையைப் பொறியியலாளர் கையாலே வரையக்கூடிய இரண்டு எளிய வரைபுகளாக ஆக்கியவர் ஹென்ரிக் போடே. 1945இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று.

இவர்களுக்கு முன்னரே, 1868இல், ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நீராவி எஞ்சின்களின் கவர்னர்கள் வேகத்தைக் காப்பதற்குப் பதிலாக ஆடத்தொடங்கும் சிக்கலே அதன் பொருள். மடத்துவெளி முற்றத்தில் நான் கண்டது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய நோய் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஏன் ஊளை? ஏன் ஆட்டம்?

கவர்னர் செய்வது இதுதான். வேகம் குறைந்தால் எரிபொருளைக் கூட்டும், வேகம் கூடினால் குறைக்கும். அதாவது பிழைக்கு எதிராகத் திருத்தம் செய்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் உடனே போய்ச் சேர்வதில்லை. எரிபொருள் தண்டு அசைய நேரம் வேண்டும். எஞ்சினின் முறுக்கம் வளர நேரம் வேண்டும். சுழலும் பாரம் வேகமெடுக்கவும் நேரம் வேண்டும்.

இத்தாமதங்கள் எல்லாம் சேர்ந்து ஏதோ ஒரு மீடிறனில் 180 பாகை, அதாவது அரை வட்டம், ஆகிவிடும். அரை வட்டம் பிந்திய சைன் அலை தலைகீழான சைன் அலைதான். எதிராகப் புறப்பட்ட திருத்தம் தலைகீழாகி வந்துசேரும்போது, அது பிழைக்குத் துணையாகிவிடுகிறது. வேகம் ஏறும்போது எரிபொருளும் ஏறுகிறது.

அந்த மீடிறனில் சுற்றை ஒருமுறை வலம்வந்த அலை தொடங்கியதைவிடச் சிறிதாகி வந்தால் ஆட்டம் அடங்கும். சமமாக வந்தால் ஓயாது ஆடும். பெரிதாகி வந்தால் சுற்றுக்குச் சுற்று வளரும். எரிபொருள் தண்டு அதன் எல்லையில் முட்டும்போதே அந்த வளர்ச்சி நிற்கும். நான் நயத்தைக் கூட்டியபோது நடந்தது இந்த மூன்றாவது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு மீடிறன்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மின்னோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 வட்டங்கள். நாம் பேசுவது அந்த 50 என்ற எண் சற்றுக் கூடிக் குறையும் ஆட்டத்தின் மீடிறனை. மடத்துவெளியில் மின்குமிழ் பத்துமுறை மங்கி ஒளிர ஏறத்தாழ பன்னிரண்டரைச் செக்கன் எடுத்தது. ஒரு வட்டத்துக்கு 1.25 செக்கன். அப்படியானால் கோண மீடிறன் செக்கனுக்கு ஏறத்தாழ 5 ஆரையன்.

கணக்காகச் செய்து பார்ப்போம்

அந்த ஆட்டத்தோடு பொருந்துமாறு நான் எடுத்துக்கொண்ட எளிய மாதிரி இது. எண்கள் பயிற்சிக்காக நானே தெரிந்தவை.

முதற்கூறு எரிபொருள் தண்டு, நேர மாறிலி 0.1 செக்கன். இரண்டாம் கூறு எஞ்சின் முறுக்கம், நேர மாறிலி 0.4 செக்கன். மூன்றாம் கூறு சுழலும் பாரம். முறுக்கம் தொகையிடப்பட்டே வேகம் ஆகிறது. எனவே இது தொகையீட்டுக் கூறு. இவற்றோடு சுற்றின் மொத்த நயம் என்ற ஓர் எண்ணும் உண்டு.

நேர மாறிலியுள்ள கூறு ஒவ்வொன்றுக்கும் முதலில் கோண மீடிறனை நேர மாறிலியால் பெருக்குங்கள். அப்பெருக்கத்தைத் தான் பெறுமானமாகக் கொண்ட கோணமே பின்னடைவு. அப்பெருக்கத்தின் வர்க்கத்தோடு 1ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, வரும் எண்ணால் வீச்சத்தை வகுக்க வேண்டும். தொகையீட்டுக் கூறு எப்போதும் 90 பாகை பிந்தும். அதன் வீச்சத்தைக் கோண மீடிறனால் வகுக்க வேண்டும்.

கோண மீடிறன் 5 என்று வைப்போம்.
தண்டு: 5 × 0.1 = 0.5, பின்னடைவு 26.6 பாகை, வகுக்கும் எண் 1.118.
முறுக்கம்: 5 × 0.4 = 2, பின்னடைவு 63.4 பாகை, வகுக்கும் எண் 2.236.
சுழலும் பாரம்: பின்னடைவு 90 பாகை, வகுக்கும் எண் 5.

பின்னடைவுகளைக் கூட்டினால் சரியாக 180 பாகை. வகுக்கும் எண்களைப் பெருக்கினால் 12.5. ஆகவே சுற்றின் நயம் 12.5 ஆனால் அலை மாறாமல் திரும்பிவரும், ஓயாத ஆட்டம் தொடங்கும். அதற்கு மேல் போனால் ஆட்டம் வளரும்.

இப்போது நயத்தை 2.5 ஆக வைத்து நான்கு மீடிறன்களில் கணிப்போம்.

கோண மீடிறன் 1: மடங்கு 2.31, பின்னடைவு 117.5 பாகை
கோண மீடிறன் 2: மடங்கு 0.96, பின்னடைவு 140 பாகை
கோண மீடிறன் 5: மடங்கு 0.20, பின்னடைவு 180 பாகை
கோண மீடிறன் 10: மடங்கு 0.043, பின்னடைவு 211 பாகை

போடே வரைபு

இவ்வெண்களைச் சாதாரண வரைபுத் தாளில் குறித்தால் ஒரு மூலையில் நெருங்கிவிடும். எனவே போடே வரைபில் மீடிறன் அச்சு மடக்கை அளவில் அமைகிறது. 1 இலிருந்து 10க்கும் 10 இலிருந்து 100க்கும் தூரம் ஒன்றே. மடங்கைத் தெசிபெல்லாக மாற்றுகிறோம்: பத்தை அடியாகக் கொண்ட மடக்கையை எடுத்து 20ஆல் பெருக்க வேண்டும். 1 மடங்கு 0 தெசிபெல், 10 மடங்கு 20, 2 மடங்கு ஏறத்தாழ 6, அரை மடங்கு சய 6.

மடக்கையின் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. பெருக்கல் கூட்டலாகிவிடும். மூன்று கூறுகளின் வரைபுகளைத் தனித்தனியே வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால் முழுத் தொகுதியின் வரைபு கிடைக்கும். ஒவ்வொரு கூறையும் நேர்கோடுகளாலேயே அண்ணளவாக வரையலாம். தொகையீட்டுக் கூறு, மீடிறன் பத்து மடங்காகும்போதெல்லாம் 20 தெசிபெல் இறங்கும் நேர்கோடு. நேர மாறிலியுள்ள கூறு முதலில் கிடையாகச் சென்று, நேர மாறிலியின் தலைகீழான மீடிறனில் முறிந்து, அதே சரிவில் இறங்கும். நம் மாதிரியில் முறிவுகள் 2.5இலும் 10இலும் வரும். முறியும் இடத்தில் உண்மையான வளைகோடு நேர்கோட்டைவிட 3 தெசிபெல் கீழே இருக்கும். அங்கே அக்கூறின் பின்னடைவு 45 பாகை.

மேலே தெசிபெல் வரைபு, கீழே அவத்தை வரைபு. இரண்டிலும் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, அவத்தை சய 180 பாகையைத் தொடும் மீடிறன். அங்கே மேல் வரைபு 0 தெசிபெல்லுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது? அதுவே நய எல்லை. நம் கணக்கில் மடங்கு 0.20, அதாவது சய 14 தெசிபெல். எனவே நய எல்லை 14 தெசிபெல். நயம் இன்னும் ஐந்து மடங்கு கூடினால்தான் ஆபத்து.

இரண்டாவது, மேல் வரைபு 0 தெசிபெல்லைக் கடக்கும் மீடிறன். அங்கே அவத்தை சய 180ஐ அடைய இன்னும் எத்தனை பாகை மிச்சம்? அதுவே அவத்தை எல்லை. நம் கணக்கில் அது ஏறத்தாழ 1.94இல் கடக்கிறது, மிச்சம் ஏறத்தாழ 41 பாகை. புதிதாக ஒரு தாமதம் நுழைந்தால் தாங்கிக்கொள்ளும் வலிமை அது.

வாப்பா ‘இடம் விட்டு வைக்க வேணும்’ என்றது இந்த இரண்டு எல்லைகளைத்தான். அவர் காதால் கேட்டுச் செய்ததை வரைபு கண்ணுக்குக் காட்டுகிறது.

அப்படியானால் நயத்தை மிகக் குறைத்துவிடலாமா? அதுவும் சரியல்ல. நயம் குறைந்தால் நீர்ப்பம்பியைப் போட்டவுடன் வேகம் கூடுதலாக விழும், மீளவும் காலம் எடுக்கும். இந்த வகைக் கவர்னரில் நிலையான ஒரு குறையும் மிஞ்சும். நான் மனனம் செய்திருந்த வரி பொய்யல்ல. நயம் கூடினால் பிழை குறையும் என்பது மெதுவான மாற்றங்களுக்கு உண்மை. அந்த உண்மை எந்த மீடிறன் வரை செல்லும் என்று நான் கேட்கவில்லை. அதுதான் என் பிழை.

நைக்குவிஸ்ட் இதே தரவுகளை வேறுவிதமாக வரைந்தார். மடங்கை நீளமாகவும் அவத்தையைக் கோணமாகவும் கொண்டு சிக்கலெண் தளத்தில் ஒரே வளைகோடு. அக்கோடு சய 1 என்ற புள்ளியை எப்படிச் சூழ்கிறது என்பதைக்கொண்டு உறுதிநிலையைச் சொல்லலாம். பின்னூட்டலுக்கு முன்னரே உறுதியற்றிருக்கும் தொகுதிகளிலும், அவத்தை சய 180ஐப் பல தடவை கடக்கும் தொகுதிகளிலும் மேற்சொன்ன எளிய எல்லைகள் ஏமாற்றக்கூடும். அங்கே நைக்குவிஸ்ட் வரைபையே நம்ப வேண்டும்.

தீவுகளின் நாளைய மின்சாரம்

இது ஒரு வீட்டு முற்றத்தோடு முடியும் விடயமல்ல. தேசிய மின்வலையமைப்போடு இணையாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்தொகுதிகள் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்றுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற்று சூரிய சக்தி, 530 கிலோவாற்று காற்றுச் சக்தி, 2,400 கிலோவாற்றுமணி பற்றரி என்பது திட்டம். டீசல் புகையும் செலவும் குறையும், மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் நம் மாதிரியைப் பாருங்கள். டீசல் எஞ்சினின் சுழலும் பாரத்துக்குச் சடத்துவம் உண்டு. சூரியத் தகட்டில் சுழல்வது எதுவுமில்லை. ஓடும் எஞ்சின்களைக் குறைத்துச் சடத்துவத்தைப் பாதியாக்கினால், மற்றவை மாறாதிருக்க, சுற்றின் நயம் இருமடங்காகும். தெசிபெல் வரைபு முழுவதும் 6 தெசிபெல் மேலே எழும். அவத்தை வரைபு அசையாது. நம் 14 தெசிபெல் எல்லை 8 ஆகும். 41 பாகை ஏறத்தாழ 22 ஆகும். யாரும் திருகாணியைத் தொடவில்லை, ஆனாலும் எல்லை சுருங்கிவிட்டது. ஆகவே அங்கே பற்றரியின் கட்டுப்பாட்டுக் கருவி விரைந்து துலங்க வேண்டும். அதன் நயத்தையும் தாமதத்தையும் வரைந்து பார்த்தே அமைக்க வேண்டும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் இருண்டது உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டது என்ற செய்தியையே எல்லோரும் சொல்லிச் சிரித்தோம். அன்று மின்தேவை குறைவு, வெயிலோ அதிகம். சூரிய மின்சாரத்தின் பங்கு கூடி, சுழலும் இயந்திரங்களின் சடத்துவம் குறைந்திருந்தது. சடத்துவம் குறைந்த வலையமைப்பில் அதே அதிர்ச்சிக்கு மீடிறன் மிக விரைவாக மாறும். திருத்தம் வந்துசேர அவகாசம் இருக்காது. குரங்கை மட்டும் குறைசொல்வது பாதிக் கதை.

உங்களுக்கு ஒரு பயிற்சி

நம் மாதிரியில் எரிபொருள் தண்டின் நேர மாறிலியை 0.1 இலிருந்து 0.025 செக்கனாகக் குறையுங்கள். அவத்தை 180 பாகையைத் தொடும் மீடிறன் எது? ஓயாத ஆட்டத்துக்கான நயம் எவ்வளவு? இரண்டு நேர மாறிலிகளின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் முதலாவது வரும்: 10. இரண்டு நேர மாறிலிகளின் தலைகீழ்களையும் கூட்டினால் இரண்டாவது வரும்: 40 + 2.5 = 42.5. முன்னர் 12.5 ஆக இருந்தது. தாமதத்தைக் குறைத்ததனால் மட்டும் மூன்று மடங்குக்கு மேல் இடம் கிடைத்துவிட்டது. ஏன் அப்படி வருகிறது என்பதை நீங்களே நிறுவிப் பாருங்கள். உயர்தரத் திரிகோணகணிதமே போதும்.

இந்தக் கடைசி விடையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். திருத்தம் பலிக்கவில்லை என்றால் அதை இன்னும் பலமாகச் செய்யவே நமக்குத் தோன்றுகிறது. பல வேளைகளில் குறை பலத்தில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. பிந்தி வரும் திருத்தத்தைப் பலமாக்கினால் அது ஆட்டத்தையே வளர்க்கும்.

அன்று மாலை புறப்படும்போது ஐயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நான் முப்பது வருசம் படிப்பிச்சனான் பிள்ளை. பிழை விட்ட இடத்தை விளங்கிக்கொண்டு போறவைதான் பிறகு படிப்பிக்கிறவை” என்றார். உள்ளே அவருடைய தாயாரின் இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அன்றிரவே மடக்கைத் தாளை எடுத்து அந்த இரண்டு வளைகோடுகளையும் மறுபடி வரைந்தேன். இம்முறை எதற்காக வரைகிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.